சலம் பிளேன் டீ நிறத்தில் போனால்: தசைச் சிதைவால் வரும் சிறுநீரகப் பாதிப்புக்கு மருத்துவம், படிப்படியாக

வெட்டுக் காலத்தில் வயலில் இருந்து நேரே வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "சலம் என்ன நிறத்தில போகுது?" என்றுதான். கூட வந்தவர்களுக்கு அந்தக் கேள்வி விளங்காது. "உடம்பெல்லாம் நோகுதாம், கால் தூக்க ஏலாதாம். வெயில்ல நின்ட அலுப்புத்தான் டொக்டர், ஒரு ஊசி போட்டு விடுங்க" என்பார்கள். அவர்கள் கேட்கும் ஊசி டைக்ளோபெனாக். நோவுக்கு நல்ல மருந்துதான். ஆனால் அந்த நோ தசை உடைந்ததால் வந்ததாக இருந்து, சலமும் கறுத்துப் போயிருந்தால், தத்தளித்துக்கொண்டிருக்கும் சிறுநீரகத்தை அந்த ஒரு ஊசியே முழுதாகப் படுக்க வைத்துவிடலாம்.

வேறு வேறு ஆட்களில் இதையே திரும்பத் திரும்பப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன். குடும்பத்தவர்கள் வாசிக்க வேண்டும். இலங்கையின் கிழக்குக்குப் புதிதாக வேலைக்கு வரும் இளம் வைத்தியர்களுக்கும் தாதியர்களுக்கும் உதவும் என்று மருந்தின் அளவுகளையும் சேர்த்திருக்கிறேன். வாட்டில் என்ன ஏற்றுகிறார்கள், ஏன் ஏற்றுகிறார்கள் என்று வீட்டாருக்கும் விளங்கட்டும் என்பதற்காகவே அந்த அளவுகள். வீட்டில் செய்து பார்க்கத் தக்கவை அல்ல.

தசை உடைந்தால் சிறுநீரகத்துக்கு என்ன வந்தது?

தசைக்குள் பொட்டாசியம், பொஸ்பேற், இறைச்சிக்குச் சிவப்பு நிறம் தரும் மயோகுளோபின் என்ற புரதம், கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதியம் எல்லாம் அடைந்து கிடக்கின்றன. வாட்டில் நாங்கள் சீகே என்று சொல்வது இந்த நொதியத்தைத்தான். தசைக் கலங்கள் உடையும்போது இவை அத்தனையும் இரத்தத்தில் கொட்டுகின்றன. இந்த நிலைக்கு ராப்டோமயோலிசிஸ் என்று பெயர்.

மயோகுளோபின் சிறிய புரதம். சிறுநீரகத்தின் வடிகட்டியால் அதைத் தடுக்க முடியாது. அது சிறுநீர்க் குழாய்களுக்குள் இறங்கி, அங்கே சுரக்கும் இன்னொரு புரதத்தோடு சேர்ந்து கட்டியாகிறது. உடம்பில் தண்ணீர் குறைந்து, சலம் அமிலமாக இருந்தால் இன்னும் வேகமாகக் கட்டும். வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்வரை சேறு படிவதில்லை, வான்கதவை மூடியதும் படிந்து அடைத்துவிடும். இங்கும் அதுவே நடக்கிறது. போதாததற்கு மயோகுளோபினில் உள்ள இரும்பு குழாயின் உட்சுவரை அரிக்கிறது. அடிபட்டு வீங்கும் தசைக்குள் லீற்றர் கணக்கில் தண்ணீர் போய்த் தேங்குவதால் இரத்த ஓட்டமும் குறைகிறது. சிறுநீரகத்துக்குப் போகும் நாளங்கள் சுருங்குகின்றன. மூன்று பக்கத்தாலும் அடி.

1941ஆம் ஆண்டு லண்டனில் குண்டுவீச்சில் இடிந்த வீடுகளுக்குள் மணிக்கணக்காக அகப்பட்டுக் கிடந்தவர்களைப் பற்றி பைவாட்டர்ஸ், பீல் என்ற இரு வைத்தியர்கள் எழுதினார்கள். மீட்கப்பட்ட நேரத்தில் அவர்கள் ஓரளவு நன்றாகவே இருந்தார்கள். பிறகு சலம் கறுத்து, குறைந்து, ஒரு வாரமளவில் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அன்றைக்கு இல்லாமல் போனது, நேரத்தோடு ஏற்றிய சேலைன். இன்றைக்கு அது எந்தச் சிறிய வைத்தியசாலையிலும் இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் இது யாருக்கு வருகிறது?

பாடப்புத்தகங்களில் நில நடுக்கமும் இடிபாடும்தான் முதலில் வரும். 1978 நவம்பர் சூறாவளியைப் பார்த்த ஊருக்கு இடிபாடும் தெரியாத விடயம் அல்ல. ஆனாலும் நாளாந்தம் வருகிற காரணங்கள் வேறு. கடும் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வயலில் நிற்பவர்கள். உகந்தையில் இருந்து குமண, யால காடுகளுக்குள்ளால் கதிர்காமத்துக்கு நாட்கணக்காக நடக்கும் அடியார்கள். கண்ணாடி விரியன் கடித்தவர்கள். நம்மில் பலர் புடையன் என்று சொல்லும் அதே பாம்புதான். இலங்கையில் உள்ள கண்ணாடி விரியனின் விஷம் இரத்தம் உறைவதைக் குழப்புவதோடு நிற்காமல் நரம்பையும் தசையையும் தாக்கும். வலை இழுக்கும்போது கடல் பாம்பு கடித்த மீனவர்கள். கூட்டமாகக் குளவி கொட்டியவர்கள். வயல் சேற்றில் நின்று எலிக்காய்ச்சல் வந்தவர்கள். மோட்டார் சைக்கிள் விபத்தில் தொடை நசிந்தவர்கள்.

இவர்களைவிட இலகுவாகத் தவறவிடப்படும் இரண்டு கூட்டம் இருக்கிறது. ஒன்று, பக்கவாதம் வந்தோ விழுந்தோ இரவு முழுக்க நிலத்தில் ஒரே பக்கமாகக் கிடந்த தனியாள் முதியவர்கள். குடித்துவிட்டு உணர்வில்லாமல் கிடந்தவர்களும் இதற்குள் அடக்கம். இரண்டாவது, கொலஸ்திரோலுக்கு அற்றோவஸ்டட்டின், சிம்வஸ்டட்டின் குளிசை போடுகிறவர்கள். சளிக் காய்ச்சலுக்கு என்று கிளரித்ரோமைசின் அன்டிபயோட்டிக்கை யாராவது இவர்களுக்குச் சேர்த்துக் கொடுத்துவிட்டால், ஸ்டட்டின் உடம்பில் கரையாமல் தேங்கித் தசையை உடைக்கும். ஒரு பார்மசியில் ஒன்று, இன்னொரு பார்மசியில் மற்றது என்று வாங்கும்போதுதான் இது பெரும்பாலும் நடக்கிறது.

முதற் படி: வீட்டிலும் வயலிலும்

சலம் பிளேன் டீ, கோப்பி அல்லது கொக்கா கோலா நிறத்தில் போனால் விடியும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். எல்லாருக்கும் நிறம் மாறும் என்றில்லை என்பதையும் மனதில் வையுங்கள். மயோகுளோபின் சில மணி நேரத்துக்குள் இரத்தத்தில் இருந்து போய்விடுவதால், கறுப்பாக ஒரு தரம் போய்ப் பிறகு வெளுத்தும் விடலாம். நிறத்தைக் கண்டால் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். எனக்கு அது பல தடவை உதவியிருக்கிறது.

ஆள் உணர்வோடு இருந்து, சத்தியும் இல்லை என்றால், பச்சைத் தண்ணீர் கொடுங்கள். இளநீர் வேண்டாம். "இளநி குடிச்சாச் சலம் நல்லாப் போகும்தானே" என்று அம்மாமார் கேட்பார்கள். மற்ற நாட்களில் சரி. இன்றைக்கு உடைந்த தசையில் இருந்து பொட்டாசியம் ஏற்கெனவே இரத்தத்தில் கொட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு குவளை இளநீரில் அரைக் கிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகம் நின்றுவிட்டால் அது வெளியேற வழியில்லை. செவ்விளநீர், தோடம்பழச் சாறு, வாழைப்பழம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். வாட்டில் இருப்பவரைப் பார்க்க வரும்போதும் இவற்றைக் கொண்டு வராதீர்கள்.

நோவுக்கு டைக்ளோபெனாக், இபுபுரூபென், மெபனமிக் அசிட் எதுவும் கொடுக்க வேண்டாம். குளிசையாகவும் வேண்டாம், ஊசியாகவும் வேண்டாம், பின்வழியில் வைக்கும் மருந்தாகவும் வேண்டாம். டெங்குக் காலத்தில் பனடோல் மட்டும் என்று பழகியிருக்கிறோமே, அதே பழக்கத்தை இங்கும் வைத்துக்கொள்ளுங்கள். வீங்கிய கால் கையை எண்ணெய் போட்டு உருவி விட வேண்டாம். பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்ட வேண்டாம், கீற வேண்டாம். பரிசாரியாரிடம் காட்டிவிட்டுப் போவோம் என்று இழுபடும் இரண்டு மூன்று மணி நேரம்தான் சிறுநீரகத்தைக் காப்பாற்றக்கூடிய நேரம்.

1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். மட்டக்களப்புப் படுவான்கரையின் உட்கிராமங்களிலோ பொத்துவில் பக்கத்திலோ இருப்பவர்கள் பெரிய வைத்தியசாலைதான் வேண்டும் என்று 100 கிலோமீற்றர் ஓடாமல், கிட்ட உள்ள அரச வைத்தியசாலைக்கு முதலில் போங்கள். ஒரு சேலைனாவது ஏறிய பிறகு மாற்றி அனுப்பட்டும். போடும் குளிசை எல்லாவற்றையும், வெறும் மட்டையாக இருந்தாலும், ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள்.

மதிலோ மரமோ விழுந்து ஒருவரின் கால் மணிக்கணக்காக நசிந்து கிடக்கிறது என்றால், பாரத்தைத் தூக்கிய கணத்தில் அடைபட்டுக் கிடந்த பொட்டாசியம் முழுதும் இதயத்துக்கு ஓடும். அதனால் அம்புலன்ஸ் வந்து, முடிந்தால் சேலைன் ஏறத் தொடங்கிய பிறகு தூக்குவது நல்லது. நசிந்து கொஞ்ச நேரம்தான், அல்லது மூச்சுக்கு ஆபத்து என்றால் காத்திருக்கக் கூடாது, உடனே எடுக்க வேண்டும்.

இரண்டாம் படி: வந்த உடன் பார்ப்பவை

முதலில் ஈசிஜி. இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை பொட்டாசியத்தைப் பற்றிச் சொல்லக்கூடியது அது ஒன்றுதான். கூர்ந்து உயர்ந்த டி அலை, அகன்ற கியூஆர்எஸ் தெரிந்தால் இலக்கத்துக்குக் காத்திருக்காமல் நான்காம் படிக்குப் போக வேண்டும்.

சலத்தில் குச்சி வைத்துப் பார்த்தால் இரத்தம் இருப்பதாகக் காட்டும். அதே சலத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் செங்குழியங்கள் இருக்காது. இந்த முரண்பாடுதான் மயோகுளோபினின் அடையாளம். பிறகு சீகே, சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின், பொட்டாசியம், கல்சியம், பொஸ்பேற், இரத்தத்தின் அமிலத்தைச் சமன்செய்யும் பைகாபனேற்று. சீகே சாதாரணமாக 200 அளவுக்குள் இருக்கும். 1000ஐத் தாண்டினால் தசைச் சிதைவு என்று எடுப்போம், 5000ஐத் தாண்டினால் சிறுநீரகத்துக்குப் பயப்படுவோம். அது முதல் நாளைவிட இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். வந்த உடன் எடுத்த சீகே குறைவாக இருக்கிறது என்று வீட்டுக்கு அனுப்பினால் தவறிவிடும். கிரியேட்டினின் 48 மணி நேரத்துக்குள் 0.3 மில்லிகிராம் ஏறினாலே சிறுநீரகம் பாதிக்கப்பட்டதாகக் கணக்கு.

மூன்றாம் படி: சேலைன்

இந்த நோய்க்கு முதல் மருந்து எது என்று கேட்டால் 0.9 சதவீதச் சேலைன் என்பேன். விலையுயர்ந்த மருந்து ஏதாவது இருந்தால் வெளியில் இருந்து வாங்கி வருகிறோம் என்று குடும்பத்தவர்கள் கேட்பார்கள். கட்டிலுக்கு மேல் தொங்கும் அந்தப் போத்தல்தான் அந்த மருந்து. அதை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோம் என்பதில்தான் பெரும்பகுதி இருக்கிறது. முதல் 6 மணி நேரத்துக்குள் தொடங்குவதற்கும் 12 மணி நேரம் கழித்துத் தொடங்குவதற்கும் இடையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இதயம் நன்றாக உள்ள வளர்ந்தவருக்கு முதல் மணி நேரத்தில் 1 லீற்றர். தேவையானால் அடுத்த மணியிலும் அப்படியே. பிறகு மணிக்கு 300 முதல் 500 மில்லிலீற்றர் வரை, வெளியேறும் சலத்தைப் பார்த்துக் கூட்டிக் குறைக்க வேண்டும். குறி, மணிக்கு 200 முதல் 300 மில்லிலீற்றர் சலம். இதை அளக்க ஒரு குழாய் போட்டுப் பையில் எடுக்க வேண்டும். "அந்தக் குழாயைக் கழட்டி விடுங்க மிஸ்" என்று நோயாளி கேட்பது எனக்கு விளங்குகிறது, கரைச்சல்தான். ஆனால் அந்தப் பையில் ஏறும் அளவை வைத்துத்தான் அடுத்த போத்தலின் வேகத்தைத் தீர்மானிக்கிறோம். முதல் நாளில் 6 லீற்றர், சிலருக்கு 10 லீற்றர் வரை போவதும் உண்டு.

முதியவர்கள், இதய நோயாளிகள், அம்பாறை மாவட்டத்தின் சில பகுதிகளில் காணப்படும் நீண்டகாலச் சிறுநீரக நோய் ஏற்கெனவே உள்ள கமக்காரர்கள் ஆகியோருக்கு இந்த அளவுகள் பொருந்தாது. 250 மில்லிலீற்றராகக் கொடுத்து, ஒவ்வொரு தரமும் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டு, ஒட்சிசன் அளவைப் பார்த்துப் போக வேண்டும்.

இனி நான் மிகவும் கவலைப்படும் இடம். போதிய சேலைன் கொடுத்தும் சலம் வரவில்லை என்றால், நிறுத்த வேண்டும். ஏற்றிக்கொண்டே போனால் அது நுரையீரலில் போய் நிற்கும். "நிறையச் சேலைன் கொடு" என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு, வராத சலத்துக்காக இரவு முழுக்க ஏற்றி, விடியற்காலை மூச்சுத் திணறலோடு நோயாளியை ஒப்படைத்த சம்பவத்தை நான் பார்த்திருக்கிறேன். ஏறும் சேலைனையும் போகும் சலத்தையும் குறிக்கும் மணித்தியால அட்டவணையை யாராவது ஒருவர் தன் பொறுப்பாக எடுத்திருந்தால் அது நடந்திராது. சலம் அடியோடு நின்றவருக்கு, வெளியேறும் அளவோடு நாளுக்கு அரை லீற்றர் அளவு கூட்டினால் போதும்.

சேலைனுக்குப் பதிலாகச் சிலர் ஏற்றும் ஹாட்மன் கரைசலில் லீற்றருக்கு 5 மில்லிமோல் அளவில் பொட்டாசியம் உண்டு. சிறிய அளவுதான். ஆனாலும் இரத்தத்தின் பொட்டாசியம் தெரியாத நேரத்தில் அதைத் தொடாமல் விடுவதே என் வழக்கம். சாதாரணச் சேலைன் மிக அதிகமாகப் போனால் குளோரைட் ஏறி இரத்தம் அமிலமாகும் என்பதும் உண்மை. அதனால்தான் பைகாபனேற்றின் பேச்சு வருகிறது, அதை ஐந்தாம் படியில் பார்ப்போம்.

சீகே 5000க்குக் கீழே வந்து, தொடர்ந்து இறங்கிக்கொண்டும் இருந்து, சலமும் தெளிந்துவிட்டால் சேலைனை மெல்ல நிறுத்தலாம்.

நான்காம் படி: பொட்டாசியம்

சிறுநீரகம் பழுதானால் டயலிசிஸ் செய்து காலம் கடத்தலாம். பொட்டாசியம் ஏறினால் இதயம் நிமிடங்களில் நிற்கும். முதல் நாளில் நோயாளி இறந்தால் பெரும்பாலும் இதனால்தான். ஆகவே முதலில் 2 முதல் 4 மணிக்கு ஒரு தரம், பிறகு 6 மணிக்கு ஒரு தரம் பொட்டாசியத்தைப் பார்க்க வேண்டும்.

6.5க்கு மேல் போனால் அல்லது ஈசிஜி மாறினால், மொனிட்டரில் போட்டு, 10 சதவீதக் கல்சியம் குளுக்கோனேற் 10 மில்லிலீற்றரை 5 முதல் 10 நிமிடத்தில் நாளத்தில் கொடுக்க வேண்டும். இது பொட்டாசியத்தைக் குறைக்காது. இதயத்துக்கு ஒரு கவசம் போடுகிறது, அவ்வளவுதான், அதுவும் 30 முதல் 60 நிமிடத்துக்கு. 5 நிமிடம் கழித்து ஈசிஜி எடுத்து, மாற்றம் இல்லை என்றால் திரும்பக் கொடுக்கலாம்.

அந்தக் கவசம் இருக்கும்போதே, 10 அலகு கரையும் இன்சுலினை 50 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 50 மில்லிலீற்றரோடு கொடுத்துப் பொட்டாசியத்தைக் கலங்களுக்குள் தள்ள வேண்டும். இங்கே ஒரு பொறி உண்டு. சிறுநீரகம் வேலை செய்யாதவரில் இன்சுலின் கூடுதல் நேரம் நிற்கும். கொடுத்த உடன் சீனி சரியாக இருக்கும், மூன்று நான்கு மணி கழித்து இறங்கும். அதனால் 6 மணி நேரத்துக்குச் சீனியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இதோடு சல்பியுட்டமோல் 10 முதல் 20 மில்லிகிராமை ஆவியாகக் கொடுக்கலாம். முட்டுக்கு (ஆஸ்துமாவுக்கு) கொடுக்கும் அளவைவிட இது இரண்டு முதல் நான்கு மடங்கு. இதய நோயாளிகளில் கவனம் தேவை. கல்சியம் ரெசோனியம் தூளும் இருக்கிறது, ஆனால் அது வேலை செய்ய மணிக்கணக்காகும், அவசரத்துக்கு அதை நம்ப முடியாது.

இன்சுலினும் சல்பியுட்டமோலும் பொட்டாசியத்தை ஒளித்து வைக்கின்றனவே தவிர வெளியேற்றவில்லை. சலம் போகாவிட்டால் சில மணியில் திரும்ப ஏறும். இன்சுலின் கொடுத்த கையோடு டயலிசிஸ் பிரிவுக்கும் போன் பண்ணிவிட வேண்டும்.

மயக்க மருந்து கொடுப்பவர்களுக்கு ஒரு சொல்: இந்த நோயாளிக்கு சக்ஸாமெதோனியம் கொடுக்கக் கூடாது. அது பொட்டாசியத்தை இன்னும் ஏற்றும். சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு அனுப்பும்போது பதிவேட்டின் முன்பக்கத்தில் பெரிதாக எழுதி அனுப்புங்கள்.

எலிக்காய்ச்சல் இதில் ஒரு விதிவிலக்கு. அதில் சிறுநீரகம் கெட்டிருந்தும் சலம் போய்க்கொண்டிருக்கலாம், பொட்டாசியம் குறைவாகவும் இருக்கலாம். இலக்கத்தைப் பார்க்காமல், வழக்கம் என்று எதையும் கொடுக்கக் கூடாது.

ஐந்தாம் படி: பைகாபனேற்று, மனிற்றோல், புரூசமைட்

இந்த மூன்றைப் பற்றியும் வாட்டுகளில் நீண்டகாலமாக வாக்குவாதம் உண்டு. என் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன்.

சலத்தைக் காரமாக்கினால் மயோகுளோபின் கட்டியாகாது என்பது பைகாபனேற்றின் நியாயம். கேட்க நன்றாக இருக்கிறது. வெறும் சேலைனைவிட அது சிறுநீரகத்தைக் கூடுதலாகக் காப்பாற்றும் என்று ஆய்வுகளில் உறுதியாக நிறுவப்படவில்லை. இரத்தம் ஏற்கெனவே அமிலமாக இருந்து, பொட்டாசியமும் கூடியிருந்தால் நான் பயன்படுத்துவேன்: 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 1 லீற்றரில் 8.4 சதவீத சோடியம் பைகாபனேற்று 150 மில்லிலீற்றர். சலத்தின் பீஎச் 6.5க்கு மேல் வருவது குறி. இரத்தப் பீஎச் 7.5ஐத் தாண்டினால், பைகாபனேற்று 30ஐத் தாண்டினால், அல்லது கை விரல் இழுக்கத் தொடங்கினால் நிறுத்த வேண்டும். கல்சியமும் பைகாபனேற்றும் ஒரே குழாயால் போகக் கூடாது, இரண்டும் சேர்ந்து சுண்ணாம்பாகப் படியும்.

சலத்தைக் கூட்டவென்று ஏற்றும் மனிற்றோலை நான் கொடுப்பதில்லை. சலம் நின்றவருக்குக் கொடுத்தால் உடம்பிலேயே தேங்கி நுரையீரலை நிரப்பும், கூடிய அளவில் சிறுநீரகத்தையே கெடுக்கும்.

புரூசமைட் கொடுத்தால் பையில் சலம் கூடும், பார்க்கிறவர்களுக்கு மனது ஆறும். சிறுநீரகம் அதனால் குணமாவதில்லை. தண்ணீர் குறைந்து கிடக்கும் உடம்பில் இன்னும் தண்ணீரை இழுத்தால் வாய்க்கால் இன்னும் அடைக்கும். உடம்பில் தண்ணீர் கூடி மூச்சு முட்டினால் மட்டுமே அதற்கு இடம்.

ஆறாம் படி: கல்சியத்தை அப்படியே விடுதல்

முதல் நாட்களில் கல்சியம் குறைவாக வரும். உடைந்த தசைக்குள் போய்ப் படிவதுதான் காரணம். இலக்கத்தைத் திருத்தவென்று ஏற்றினால் அதுவும் தசைக்குள் படியும். குணமாகும் நாட்களில் அத்தனையும் இரத்தத்துக்குத் திரும்பி வந்து அளவுக்கு மிஞ்சி ஏறும். வலிப்பு, கை இழுப்பு, இதயத் துடிப்புக் குழப்பம், பொட்டாசிய ஆபத்து ஆகியவை இல்லாமல் கல்சியம் கொடுக்க வேண்டாம். பொஸ்பேற்றும் யூரிக் அமிலமும் ஏறும், பெரும்பாலும் தனி மருந்து தேவைப்படாது.

ஏழாம் படி: நோவுக்கு

பரசிட்டமோல் 1 கிராம், 6 மணிக்கு ஒரு தரம், நாளுக்கு 4 கிராமைத் தாண்டாமல். 50 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கும் ஈரல் பழுதானவர்களுக்கும் குறைத்துக் கொடுக்க வேண்டும். அது போதாத நோவுக்கு பென்ரனில் நல்லது. மோர்பினின் கழிவு சிறுநீரகம் வழியாகவே போவதால் தேங்கி மூச்சை அமுக்கும், கொடுத்தேயாக வேண்டும் என்றால் சிறிய அளவில், இடைவெளி விட்டு.

மருந்துக்கு அடங்காமல், விரலை அசைத்தாலே உயிர் போகிற நோவும், இறுகிப் பலகைபோல் ஆன காலும் இருந்தால் அதை நோவு மருந்தால் மூடக் கூடாது. தசை உறைக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது. சத்திரசிகிச்சை நிபுணர் உடனே பார்த்து உறையைத் திறக்க வேண்டி வரலாம். நாடி துடிக்கிறதே என்று ஆறுதல் அடைய வேண்டாம், நாடி கடைசியாகத்தான் போகும்.

வழக்கமாகப் போடும் குளிசைகளில் எனலபிரில், லொசாற்றன், ஸ்பைரனோலக்டோன், மெற்போமின், ஸ்டட்டின் ஆகியவற்றை நிறுத்தி வைக்க வேண்டும். ஜென்ரமைசின் ஊசியையும் தவிர்க்க வேண்டும்.

எட்டாம் படி: காரணத்துக்கு மருந்து

கண்ணாடி விரியன் என்றால் விஷமுறிவு மருந்து. தசைச் சிதைவு முற்றிய பிறகு கொடுப்பதைவிட நேரத்தோடு கொடுத்தால்தான் பயன். ஒவ்வாமை வரக்கூடும் என்பதால், தொடங்கும் முன் தோலுக்குக் கீழ் 0.25 மில்லிகிராம் அட்ரினலின் கொடுப்பது நமது நாட்டில் ஆய்வு செய்து பயன் கண்ட முறை. இங்கே பயன்படும் இந்திய விஷமுறிவு மருந்து நாகம், எண்ணெய் விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை ஆகிய நான்குக்கும் உரியது. கடல் பாம்புக்கு அது வேலை செய்யாது.

கடல் பாம்புக் கடியைப் பற்றி மீனவக் குடும்பங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கடித்த இடத்தில் நோவும் வீக்கமும் பெரும்பாலும் இருக்காது, ஒரு முள் குத்தியதுபோல் இருக்கும். கொஞ்ச நேரம் போக, கழுத்து, தோள், தொடை எல்லாம் இறுகி நோகும், வாய் திறக்கக் கஷ்டமாகும், சில மணியில் சலம் கறுக்கும். இதற்கு இங்கே முறிவு மருந்து இல்லாததால் சேலைனும் பொட்டாசியக் கண்காணிப்பும் தேவையானால் டயலிசிசும்தான் முழு மருத்துவம். தோணியிலேயே நேரத்தைக் குறித்துக்கொண்டு கரைக்குத் திரும்பிவிடுங்கள்.

எலிக்காய்ச்சலுக்கு பென்சைல் பெனிசிலின் 15 இலட்சம் அலகு, 6 மணிக்கு ஒரு தரம், 7 நாள், அல்லது செப்ட்ரையக்சோன். வயலுக்கு இறங்குமுன் வாரத்துக்கு ஒரு தரம் போடும் 200 மில்லிகிராம் டொக்சிசைக்கிளினைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஊடாக இலவசமாகப் பெறலாம், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். வெப்ப அதிர்ச்சி என்றால் மருந்துக்கு முன் உடம்பைக் குளிர்விக்க வேண்டும்: உடுப்பைக் களைந்து, தண்ணீர் தெளித்து, விசிறி போட்டு, அம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாமல். அந்தச் சூட்டுக்குப் பனடோல் வேலை செய்யாது.

ஒன்பதாம் படி: டயலிசிஸ்

மருந்துக்கு இறங்காத பொட்டாசியம், கடுமையான அமில நிலை, நுரையீரலில் தண்ணீர், யூரியா ஏறி மயக்கம் அல்லது வலிப்பு. இவற்றில் ஒன்று வந்தால் காத்திருக்கக் கூடாது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, அம்பாறை பொது வைத்தியசாலை போன்ற பெரிய இடங்களில் இது செய்கிறார்கள். "டயலிசிஸ் தொடங்கினா ஆயுள் முழுக்கச் செய்யணுமாமே" என்று பயந்து கையெழுத்து வைக்க மறுக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். தசைச் சிதைவால் நின்ற சிறுநீரகம் பெரும்பாலும் சில வாரங்களில், சிலருக்கு மூன்று மாதத்துக்குள், திரும்ப வேலை செய்யத் தொடங்கும். அதுவரை உயிரைத் தாங்குவதற்கே இது. சலம் திரும்பியதும் பலருக்கு நிறுத்திவிடுகிறோம்.

பத்தாம் படி: வீட்டுக்குப் போன பிறகு

சிறுநீரகம் விழித்துக்கொள்ளும்போது நாளுக்கு மூன்று நான்கு லீற்றர் சலம் போகலாம். நல்ல அறிகுறிதான், ஆனால் இப்போது பொட்டாசியம் குறையும், தண்ணீர் வற்றும், கல்சியம் ஏறும். அந்த வாரம் முழுவதும் இரத்தம் பார்க்க வேண்டும். உப்பு, பழம், இளநீர் பற்றிய தடைகளை எப்போது தளர்த்துவது என்பதை அந்த இலக்கங்களை வைத்துத்தான் சொல்லுவோம்.

இரண்டு வாரத்தில் ஒரு தரம், மூன்று மாதத்தில் ஒரு தரம் கிரியேட்டினினும் சலமும் பார்க்க வாருங்கள். சுகமாக இருக்கிறேன் என்று மூன்றாம் மாதக் கிளினிக்குக்கு வராமல் விடுகிறவர்கள் அதிகம். சிறுநீரகம் முழுதாகத் திரும்பியதா, கொஞ்சம் குறையோடு நின்றதா என்பது அன்றைக்குத்தான் தெரியும். பிரஷர் குளிசைகளை அந்த முடிவுகளைப் பார்த்துத் திரும்பத் தொடங்குவோம். ஸ்டட்டினால் வந்திருந்தால், சீகே இறங்கிய பிறகு வேறொரு வகையைச் சிறிய அளவில் முயற்சி செய்யலாமா என்று உங்கள் வைத்தியரிடமே கேளுங்கள், நீங்களாகத் தொடங்கவும் வேண்டாம், என்றைக்குமாக விடவும் வேண்டாம். காரணம் எதுவும் பிடிபடாமல் ஒரு இளம் ஆளுக்கு இரண்டாம் தரமும் வந்தால், பிறப்பிலேயே தசை நொதியத்தில் குறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வயலுக்குத் திரும்புவது சீகே சாதாரணமாகி, நடக்கும்போது நோ இல்லாத பிறகு. முதல் வாரம் காலை வேளை மட்டும், ஒவ்வொரு வரம்பு மாறும்போதும் தண்ணீர். கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில், பார்மசிக்காரரும் பார்க்கும்படி, இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்: தசைச் சிதைவால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது, இன்ன திகதி. டைக்ளோபெனாக் வகை மருந்துகள் கொடுக்க வேண்டாம்.